ஓதத் தெரிந்த பிள்ளைகளும் வாசிக்கத் திணறும் வரிகளும்: ஓர் அரபு ஆசிரியையின் அனுபவம்

மதுரைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் 13 வருஷமாக அரபு எடுக்கிறேன். பகுதி ஒன்றில் தமிழுக்குப் பதிலாக அரபைத் தேர்ந்தெடுத்த பி.காம்., பி.சி.ஏ., வேதியியல் பிள்ளைகள்தான் என் வகுப்பில் அதிகம். முக்கால்வாசிப் பேர் சின்ன வயதிலேயே தெரு மதரஸாவில் குர்ஆன் ஓதி முடித்தவர்கள். ஜபர், ஜேர், பேஷ் என்ற அ, இ, உ ஒலிக் குறிகள் போட்டிருந்தால் எந்தப் பக்கத்தையும் தங்குதடையில்லாமல் ஓதுவார்கள். அந்தக் குறிகள் இல்லாத இரண்டு வரியை முதல் நாள் கரும்பலகையில் எழுதுவேன். வகுப்பு அப்படியே அமைதியாகிவிடும்.

அந்த அமைதி எனக்கு நன்றாகத் தெரியும். எனக்கு 16 வயதிருக்கும்போது அத்தா ரியாத்திலிருந்து வரும்போது பால்பவுடர் டின் கொண்டுவந்தார். பக்கத்து வீட்டு அக்கா, "நீதான் மூணு தடவை குர்ஆன் முடிச்சிருக்கியே, இதுல என்ன எழுதியிருக்குன்னு சொல்லு" என்று டின்னை நீட்டினார். முதல் சொல் 'ஹலீப்' என்று எப்படியோ வாய்க்கு வந்துவிட்டது, பொருள் தெரியவில்லை. குர்ஆனில் பாலுக்கு 'லபன்' என்றுதான் வரும். வளைகுடாவில் இன்று லபன் என்றால் மோர், பாலுக்கு ஹலீப். அடுத்த சொல்லில் மீம், ஜீம், ஃபா, ஃபா என்று நாலு எழுத்து. மஜ்ஃபஃபா, மிஜ்ஃபிஃபா என்று தடுமாறி, கடைசியில் டின்னைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அன்று இரவு அழுதேன்.

விஷயம் இதுதான். அரபில் 28 எழுத்து. நெடிலுக்கு எழுத்து உண்டு. அ, இ, உ என்ற குறில்களுக்கு மேலும் கீழும் போடும் ஹரகத் குறிகள் மட்டும்தான். குர்ஆனிலும் சிறுவர் பாடநூலிலும் அவை முழுதாக அச்சாகும். செய்தித்தாளில், கதையில், வரலாற்று நூலில், பல்கலைக்கழகப் பாடத்தில் பெரும்பாலும் இருக்காது. காஃப், தா, பா என்று மூன்றெழுத்து நிற்கிறது என்று வையுங்கள். 'கதப' என்றால் எழுதினான். 'குதிப' என்றால் எழுதப்பட்டது. 'குதுப்' என்றால் புத்தகங்கள். 'கத்தப' என்றால் எழுத வைத்தான். நாலுக்கும் எழுத்து ஒன்றுதான். வாசித்தால் பொருள் விளங்கும் என்று நாம் பழகியிருக்கிறோம். இங்கே பொருள் விளங்கினால்தான் வாசிக்கவே முடியும். எனக்கு இது உறைக்க முதுகலை முதல் வருஷம் ஆனது. 'குதில' (கொல்லப்பட்டான்) என்பதை 'கதல' (கொன்றான்) என்று நான் படித்தபோது, பேராசிரியர் நிறுத்தி, "யாரைக் கொன்றான்?" என்று கேட்டார். அந்த வாக்கியத்தில் அப்படி ஒருவரும் இல்லை.

பிள்ளைகள் இதைக் கேட்டுப் பயந்துவிடுவார்கள். அப்போது 'பாவம்' என்று தமிழில் எழுதுவேன். "பாவம், அந்தப் பிள்ளை" என்று ஒரு வரி, "அவர் நடிப்பில் பாவம் போதாது" என்று இன்னொரு வரி. இரண்டையும் சரியான உச்சரிப்போடு படித்துவிடுவார்கள். எழுத்து ஒன்றாக இருக்க, ஒலியை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டால் விழிப்பார்கள். பக்கத்திலிருக்கும் சொற்களிலிருந்துதான். ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் எழுதியதையும் நம் முன்னோர்கள் இப்படித்தான் படித்திருக்கிறார்கள். இது நமக்குப் புது வித்தை இல்லை.

என் வகுப்பில் முதல் கட்டளை, சத்தமாகப் படிக்கக் கூடாது. ஓதிப் பழகிய பிள்ளைக்கு வாய் முந்திக்கொள்ளும், கண் பின்னால் ஓடும். ராகம் கூட வந்துவிடும்! குர்ஆனுக்கு அது அழகு, அதை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன். ஆனால் ஒரு செய்திக் குறிப்பை அப்படிப் படித்தால், பத்தி முடிந்த பிறகு என்ன சொல்லியிருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. அதனால் முதல் முறை மௌனமாக, பென்சிலோடு. வினையைக் கண்டுபிடித்து அடிக்கோடு. செய்தது யார் என்று ஒரு வட்டம். அதற்கப்புறம் சந்தேகமான எழுத்துக்கு மட்டும் ஹரகத். எல்லாச் சொல்லுக்கும் குறி போட்டுத் தரச்சொல்லிக் கேட்பார்கள், தராதீர்கள். முதல் மாதம் கடைசி எழுத்தின் குறியை மட்டும் எடுத்துவிடுங்கள், பிறகு நன்கு தெரிந்த சொற்களின் குறியை, அப்புறம் மீதியை. ஒரே நாளில் எல்லாவற்றையும் பிடுங்கினால் பிள்ளைகள் ஓடிவிடுவார்கள்.

வேர் என்பது சொல்லின் அடிப்படை எழுத்துகள், அச்சு என்பது அவற்றை ஊற்றி வார்க்கும் வடிவம். இரண்டும் பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது. அதற்கு நான் கண்டுபிடித்த நல்ல பாடநூல் வருகைப் பதிவேடு. ஹாமித், மஹ்மூத், அஹ்மத், ஹமீத், முஹம்மத். எந்த வகுப்பிலும் இதில் இரண்டு மூன்று பெயராவது இருக்கும். எல்லாவற்றுக்கும் வேர் ஹா, மீம், தால், அதாவது புகழ்தல். ஹாமித் புகழ்பவர். மஹ்மூத் புகழப்பட்டவர். முஹம்மத் மிகவும் புகழப்பட்டவர், நடு எழுத்து அழுந்தும். இப்போது பால்பவுடர் டின்னுக்குத் திரும்புங்கள். ஜீம், ஃபா, ஃபா என்ற வேருக்கு உலர்தல் என்று பொருள். அதை 'முஹம்மத்' என்ற அச்சில் ஊற்றினால் 'முஜஃப்ஃபஃப்', உலர்த்தப்பட்டது. ஹலீப் முஜஃப்ஃபஃப், பால்பவுடர். ஆயிரம் தடவை சொன்ன பெயர் அது. அதே அச்சில்தான் டின்னில் இருந்த சொல்லும் வார்த்திருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

ஓதிப் பழகாத பிள்ளைகளுக்கு வேறு வாசல் வேண்டும். மாலைச் சான்றிதழ் வகுப்பில் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு மாணவி வந்தாள். அப்பா வக்கீல் குமாஸ்தா. மேலூர் ரோட்டில் 2004-இல் வந்த உயர்நீதிமன்றக் கிளைக்குத் தினமும் போய் வருபவர். 'வக்கீல்' அரபுச் சொல் என்று சொன்னதும் அவள், "அப்ப ஜாமீன், மிஸ்?" என்றாள். அன்று முழுக்க அதுதான் பாடம். ஆஜர், ஜாமீன், வாரிசு, பாக்கி, தாக்கல், மாஜி. பாரசீகம், உருது வழியாகத் தமிழுக்கு வந்த இந்த ஆறும் அரபில் 'ஹாமித்' அச்சில் அமைந்தவை. ஹாளிர், ளாமின், வாரிஸ், பாகீ, தாகில், மாளீ. தமிழுக்கு வந்தும் முதல் எழுத்து நெடிலாகவே நிற்பதைக் கவனியுங்கள். அரபின் ளாத் எழுத்து பாரசீக வாயில் ஆங்கில z போலாகி, நம்மிடம் 'ஜ' ஆகிவிட்டது. மாஜி மந்திரியின் 'மாஜி'தான் அரபு இலக்கணத்தில் இறந்தகால வினைக்குப் பெயர். ஆனால் 'மாமூல்' இந்தக் கூட்டத்தில் சேராது. அது 'அமல்' என்ற சொல்லின் வேரிலிருந்து 'மஹ்மூத்' அச்சில் வந்தது, நடுவில் இருந்த ஐன் என்ற எழுத்து விழுந்ததால் 'மா' நீண்டுவிட்டது. அதேபோல வசூலும் மகசூலும் ஒரே வேர் என்று அடித்துச் சொல்வார்கள். இல்லை, ஒன்று வாவில் தொடங்கும் வேர், மற்றது ஹாவில் தொடங்குவது. இந்த மாணவி இரண்டாம் பருவத்தில் பல பேரைத் தாண்டிப்போனாள். பொருள் தெரியாமல் ஒலியை ஓட்டும் பழக்கம் அவளுக்கு இல்லை என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

பதம் பிரிப்பதையும் விடக் கூடாது. 'வபிகிதாபிஹி' என்று ஒரே சொல்லாக ஒட்டிக்கொண்டு நிற்கும். முன்னால் இருக்கும் 'வ', 'பி', பின்னால் இருக்கும் 'ஹி' மூன்றையும் உரித்தால் உள்ளே கிதாப். 'அவனுடைய புத்தகத்தாலும்' என்பதில் நாம் வாலில் அடுக்கும் 'ஆல்', 'உம்' இரண்டையும் அவர்கள் தலையில் வைக்கிறார்கள், நாம் முன்னால் சொல்லும் 'அவனுடைய' என்பதை வாலில் வைக்கிறார்கள். தொடரில் இன்னொரு வசதி இருக்கிறது. 'பாபு பைத்தில் முஅல்லிம்' என்பதைக் கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கி வாருங்கள். ஆசிரியரின், வீட்டின், கதவு. அச்சு அசல் தமிழ் வரிசை. ஆங்கிலம் வழியாக இதைக் கற்றுக்கொண்டு சுற்றிவரத் தேவையே இல்லை.

தேர்வைப் பற்றி ரொம்பச் சொல்ல எனக்கு இல்லை. குறி இல்லாத பத்தி வந்தால் கேள்விகளை முதலில் படியுங்கள், பாதிச் சொற்களின் பொருள் அங்கேயே கிடைக்கும். முதல் சொல்லிலிருந்து மொழிபெயர்க்கத் தொடங்காதீர்கள். அரபு வினையில் தொடங்கும், தமிழ் வினையில் முடியும். மொபைலைக் காட்டி மொழிபெயர்ப்பை எடுக்கும் பழக்கத்தைத் தேர்வுக்கு இரண்டு மாதம் முன்பாவது நிறுத்திவிடுங்கள். அகராதி புரட்டுங்கள். அரபு அகராதிகள் பலவும் வேர் வரிசையில்தான் இருக்கும், வேர் தெரியாமல் மக்தபாவை (நூலகம்) மீமில் தேடினால் கிடைக்காது, காஃபில் தேட வேண்டும்.

வருஷக் கடைசியில் இப்னு பதூதாவின் பயணக் குறிப்பிலிருந்து ஒரு பத்தி கொடுப்பேன். 14-ஆம் நூற்றாண்டில் நம் ஊருக்கு வந்தவர். 1335-இல் இங்கே சுல்தானாட்சியைத் தொடங்கிய ஜலாலுத்தீன் அஹ்சன் ஷா அவருக்கு மாமனார். சோழமண்டலக் கடற்கரைக்கு அரபிகள் வைத்த பெயர் 'மஅபர்', கடக்கும் இடம். மக்பரா என்றால் கப்ர் (கல்லறை) இருக்கும் இடம், மதரஸா என்றால் பாடம் நடக்கும் இடம் என்று காஜிமார் தெருப் பிள்ளைகள் உடனே இடப்பெயர் அச்சைப் பிடித்துவிடுவார்கள். சிக்கல் ஊர்ப் பெயரில்தான். மீம், தா, ரா, கடைசியில் வட்டத் தா. அயலூர்ப் பெயருக்கு வேரும் இல்லை, அச்சும் இல்லை. அதனால்தான் பல ஊர்ப் பெயர்களுக்கு எந்த எழுத்துக்கு எந்தக் குறி என்று இப்னு பதூதாவே வார்த்தையில் எழுதிவைத்திருக்கிறார்.

போன வருஷம் தெற்கு மாசி வீதிப் பையன் ஒருவன் அந்தச் சொல்லை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனான். 'மதீனா கபீரா', பெரிய நகரம். மதீனா என்றால் வெறும் நகரம் என்றும் பொருள் உண்டு என்பதே அவனுக்கு அன்றுதான் தெரியும். அடுத்து தெருக்கள். அகன்ற தெருக்கள். பென்சில் திரும்பி மேலே போனது. மீமின் தலையில் பேஷ் போட்டான், தாவுக்கு உயிரொலி இல்லை என்று காட்டும் சுகூன், ராவுக்கு ஜபர். "முத்ரா. மதுரைதானே, மிஸ்?" என்று என்னைப் பார்த்தான். நான் தலையசைத்ததும், யாரும் கேட்காமலே, முதல் வரியிலிருந்து சத்தமாகப் படிக்க ஆரம்பித்தான்.