தீ அல்லாத வெளிச்சம்

கொடைக்கானல் மலையில் பேரிஜம் ஏரியை ஒட்டிய காட்டில் நான் வனக் காவலராக இருந்த ஆண்டுகளில், பிப்ரவரி தொடங்கி மே வரை எங்கள் முதன்மையான வேலை இரவில் வெளிச்சம் பார்ப்பதுதான். உறைபனியில் கருகிய புல் ஒரு பீடித் துண்டுக்கே பற்றிக்கொள்ளும் காலம் அது என்பதால், எங்கே எது மினுங்கினாலும் அது இன்னதென்று முடிவு செய்து, நேரத்துடன் பதிவேட்டில் எழுதிவிட வேண்டும். தெற்கே பள்ளத்தில் கொத்தாகத் தெரிவது பெரியகுளம் பக்கத்து விளக்குகள். வளைந்து வளைந்து மறைவது வண்டி. மேட்டை நோக்கி அகன்றுகொண்டே போய், தலைக்கு மேல் புகையின் அடிவயிற்றைச் சிவக்கவைப்பது தீ.

முதல் ஆண்டிலேயே நான் தவறினேன். ஒரு விடியற்காலை கிழக்கு மேட்டுப் புல்லுக்குள் சிவப்பாக ஒன்று துடிப்பதைக் கண்டு வயர்லெஸ்ஸில் சொல்லிவிட்டேன். எட்டுப் பேர் பச்சைக் குழையும் அரிவாளுமாக மேடேறி முடிப்பதற்குள், அந்தத் தீ புல்லை விட்டு மேலே எழும்பி, வெளுத்து, விடிவெள்ளியாக நின்றது. அடிவானத்துக்கு அருகே ஒளி அடர்ந்த காற்றைக் கடந்து வருவதால் சிவந்து நடுங்கும் என்பது பள்ளிப் பாடம்தான். ஆனால் உறைபனி இரவில் பாடம் நினைவுக்கு வருவதில்லை. அதன்பின் நெடுநாள் எனக்கு ‘வெள்ளி சார்’ என்றே பெயர்.

என்னோடு இரவுக் காவலுக்கு வந்தவர் மேல்மலைக் கிராமத்துக்காரர், அறுபதை நெருங்கியவர். அவருடைய கணக்கில் கூடுதலாக ஒரு வகை உண்டு: கொள்ளிவாய்ப் பிசாசு. அது வாயைத் திறந்தால் நெருப்பு தெரியும், மூடினால் இருளும். நாம் நெருங்கினால் விலகும், விலகினால் பின்னால் வரும். கையில் இரும்பு இருந்தால் அண்டாது. வங்காளத்துச் சதுப்புகளில் ஆலேயா என்றும், கட்ச் பகுதியின் பன்னிப் புல்வெளியில் சிர் பத்தி என்றும் இதே ஒளியைச் சொல்கிறார்கள் என்றேன். “அங்கயும் வாய் இருக்கா சார்?” என்று மட்டும் கேட்டார்.

எல்லா ஒளிக்கும் அவர் அஞ்சியவர் அல்லர். ஐப்பசி மழையில் ஒருநாள் சோலைக்குள் டார்ச்சை அணைக்கச் சொன்னார். சற்று நேரத்தில், விழுந்து கிடந்த மரம் ஒன்றின் முதுகு நெடுக மங்கிய பச்சை ஒளி துலங்கியது. மட்கும் மரத்தைத் தின்னும் பூஞ்சை, லூசிஃபெரின் என்ற பொருளை ஆக்சிஜனோடு வினைபுரியவைத்து உண்டாக்கும் ஒளி அது, தொட்டால் சுடாது. ஒரு சிம்பைப் பிய்த்து என் உள்ளங்கையில் வைத்தார். விரல் இடுக்குகள் தெரியும் அளவுக்கு ஒளிர்ந்தது; டார்ச்சைப் போட்டதும் வெறும் ஈர விறகு. ஈரச் சாக்கில் சுற்றி முகாமுக்குக் கொண்டு வந்தேன். சாக்கு காய்ந்த மறுநாள் இரவு அதில் ஒன்றும் இல்லை.

அவர் கொள்ளிவாய்ப் பிசாசு என்ற அந்தச் சதுப்பு ஒளியை நான் பார்த்தது ஒரே ஒரு முறை. ஏரியின் மேல்கோடியில், நாணலுக்குள், தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் நீலம் பாய்ந்த வெளிச்சம், காற்றில்லாத இரவில் நின்று, மங்கி, மீண்டும் நின்றது. புகையில்லை, சடசடப்பில்லை. நான் இரண்டு அடி வைத்ததும் அவர் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் காலை அதே இடத்தில் அவர் கைத்தடியை ஊன்ற, அது கைப்பிடி வரை இறங்கியது. உருவியபோது சேற்றிலிருந்து குமிழிகள் கிளம்பின.

1776இல் அறிவியலாளர் வோல்டா இத்தாலியின் மஜோரே ஏரிச் சேற்றிலிருந்து பிடித்து ஆராய்ந்ததும் இந்தக் குமிழியைத்தான், அது மீத்தேன். ஆனால் மீத்தேன் தானாகப் பற்ற 500 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். அதனால், காற்றுப் பட்டதுமே எரியும் பாஸ்பரஸ் வாயு ஒன்று உடன் வெளியாகிப் பற்றவைக்கிறது என்பார்கள். வெப்பமே இல்லாத ஒளிர்வு என்பாரும் உண்டு. நெருங்குபவரின் அசைவில் காற்று கலைந்து ஒளி விலகுவதாக ஒரு விளக்கம் படித்தேன். எது சரியானாலும், பின்தொடராதே என்ற அவருடைய விதிக்கு அந்தத் தடி இறங்கிய ஆழமே எனக்குப் போதும்.

பதிவேட்டில் “இரவு 11.40, ஏரி மேல்கோடி, வெளிச்சம், தீ அல்ல” என்று எழுதி அவரிடம் படித்துக் காட்டினேன்.

“கிட்டப் போகலைன்னும் எழுதுங்க சார்,” என்றார். எழுதினேன்.