உறவுமுறை என்ற கட்டம்

கணையப் புற்றுநோய், இனி வலிக்கு மட்டும்தான் மருந்து என்று மருத்துவர் சொன்ன அன்றிரவே என் கணவர் பழைய பள்ளி நோட்டு ஒன்றை எடுத்துவைத்து எழுத உட்கார்ந்துவிட்டார். நாமினி, எரிவாயு இணைப்பு, வீட்டு வரி. கடைசி வரி: 'நீ ஸ்கூட்டர் பழக வேண்டும்.' அழுவதற்குக்கூட நேரம் ஒதுக்கத் தெரியாத மனிதர்.

முதல் வரியிலேயே நான் சறுக்கினேன். சேமிப்புக் கணக்கு அவர் பெயரில் மட்டும் இருந்தது, நாமினி பதியவில்லை. கை நடுக்கத்தில் அவருடைய கையெழுத்தும் ஒத்துப்போகவில்லை. "அவர் நேரில் வர வேண்டும்" என்றார் கவுண்டரில் இருந்தவர், தலை நிமிராமல். மதுரையின் சித்திரை வெயிலில், ஆட்டோவில் இரண்டு தலையணைகளுக்கு நடுவே அவரை உட்காரவைத்துக் கொண்டுபோனோம். வங்கி வாசலில் ஆறு படிகள், சாய்தளம் இல்லை. அவருடைய கல்லூரி நண்பர் கைத்தாங்கலாக ஏற்றி உள்ளே சேர்த்த பிறகுதான், கையெழுத்தைப் பார்க்க வேண்டிய அதிகாரி பயிற்சிக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். அந்த வலியிலும் இவர் சிரித்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இவ்வளவு பாடும் தேவையே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. நோயால் கையெழுத்துப் போட முடியாதவர் பெருவிரல் ரேகை வைத்துப் பணம் எடுக்கலாம். கைரேகை முடியாவிட்டால் கால்விரல் ரேகையும் செல்லும். ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதலே இருக்கிறது. வங்கிக்குத் தெரிந்த, இதில் தொடர்பில்லாத இரண்டு சாட்சிகள் வேண்டும். அவர்களில் ஒருவர் வங்கியின் பொறுப்பான அதிகாரி. நண்பர் அந்தத் தாளை அச்செடுத்துக்கொண்டு என்னோடு வந்தார். அதே கிளையில் அவருக்கு இருபது ஆண்டுக் கணக்கு. மனைவியை இழந்தபோது இதே படிகளில் ஏறி இறங்கியவர்.

இந்தமுறை கெடுத்தது நான். "இவர் உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டார்கள். மனைவியை இழந்தவர் தினமும் எங்கள் வீட்டுக்கு வந்துபோவதைத் தெரு ஏற்கெனவே கணக்கெடுத்துக்கொண்டிருந்தது. "அண்ணன் என்று கூப்பிட்டுவிடு, வாய்கள் அடைபடும்" என்று பெரியம்மா அறிவுரையும் சொல்லியிருந்தார். அந்தக் கூச்சத்தில் "அண்ணன்" என்றேன். உறவினர் சாட்சி போட முடியாது என்று படிவம் திரும்பி வந்தது. ஒரு பொய், ஒரு வார அலைச்சல்.

மறுமுறை உண்மையைச் சொன்னேன். மேலாளரே வீட்டுக்கு வந்தார், நல்ல மனிதர். அவரும் நண்பரைக் காட்டி அதே கேள்வியைக் கேட்டார். கட்டிலில் இருந்து என் கணவர் பதில் சொன்னார்: "நான் இவளுக்கு விட்டுப்போவதில் கடன் பாக்கி இல்லாதது இவன் ஒருவன்தான் சார்." மேலாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மை பெட்டியைத் திறந்தார். பத்தே நிமிடம். பணமும் நாமினியும் முடிந்தன.

வலி மருந்துக்கும் இதே அலைச்சல்தான். மார்ஃபின் எல்லாக் கடையிலும் கிடைக்காது. பெரும்பாலும் அனுமதி பெற்ற மருத்துவமனைகளில்தான் கிடைக்கும். "பழக்கமாகிவிடும்" என்று ஒரு மருத்துவர் மிரட்டி அனுப்பியதில் நான்கு இரவுகள் வீணாகப் போயின. வலித்தணிப்புப் பிரிவில் கேளுங்கள், முதல் நாளே கேளுங்கள். மார்ஃபினால் வரும் மலச்சிக்கலுக்கான மருந்தையும் அன்றே எழுதி வாங்குங்கள். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

வலி அடங்கிய ஓர் இரவில் அவர் சொன்னார்: "ஊர் பேசுகிறது என்று அவனை வர வேண்டாம் என்று சொல்லிவிடாதே. கல்யாணம் செய்துகொள், செய்யாமல் இரு, அது உன் விருப்பம். தனியாக உட்கார்ந்து சாப்பிடாதே." எனக்கு வந்த கோபத்தில் மறுநாள் மதியம்வரை அவரோடு பேசவில்லை. அவரிடம் மீதமிருந்ததே பதினொரு நாள். அந்த அரை நாளைத் திரும்பக் கேட்டு எந்தக் கவுண்டருக்குப் போவது?

விடியற்காலையில், வீட்டிலேயே போனார். வீட்டில் இறந்தால் இறப்புக்கான காரணத்தை எழுதித்தர ஒரு மருத்துவர் வேண்டும். பக்கத்துத் தெரு மருத்துவர், தான் பார்க்காத நோயாளி என்று மறுத்துவிட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது. நண்பர்தான் வலித்தணிப்பு மருத்துவரை எழுப்பி வாங்கிவந்தார். யார் எழுதித்தருவார் என்று முன்கூட்டியே கேட்டுவையுங்கள். கேட்க நா எழாது, தெரியும். இறப்பை 21 நாட்களுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. அது சிக்கலின்றி நடந்தது.

வாரிசுச் சான்றிதழ் மனு ஒருமுறை திரும்பியது. என்னையும் மகளையும் எழுதியவள், மாமியாரை விட்டுவிட்டேன். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி இறந்தவரின் தாயும் முதல் வகுப்பு வாரிசு. அத்தை பக்கத்து அறையில்தான் இருந்தார். மகனுக்குத் தான் யாருமில்லை என்று ஆகிவிட்டதா என்று அவர் கேட்டபோது, கிராம நிர்வாக அலுவலரின் கடுகடுப்பே மேல் என்று தோன்றியது.

ஸ்கூட்டர் பழகிவிட்டேன், இரண்டு தழும்புகளோடு. ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர் சாப்பிட வருகிறார். ரசத்தில் புளி அதிகம் என்று குறை சொல்கிறார். தெருவும் அலுத்துப்போய் வேறு வீட்டைப் பார்க்கத் தொடங்கிவிட்டது.

சென்ற மாதம் கண் அறுவைக்குச் சேர்ந்தபோது, அவசரத்துக்குத் தொடர்புகொள்ள ஒரு பெயர் கேட்டார்கள். அவர் பெயரைச் சொன்னேன். "உறவுமுறை?"

"நண்பர்."

அந்தப் பெண் கணினியில் மேலும் கீழும் தேடினாள். "அப்படி ஒன்று இதில் இல்லைங்கம்மா. 'மற்றவர்' என்று போட்டுக்கொள்ளட்டுமா?"

போட்டுக்கொள்ளச் சொன்னேன்.