சாய்த்தால் நகரும் மட்டை

எங்கள் அலுவலக ஆண்டு விழாவுக்கு ஒரு விளையாட்டு வேண்டும் என்றார்கள். 1972-இல் அட்டாரி என்ற காணொளி விளையாட்டு நிறுவனத்தில் ஆலன் அல்கார்ன் உருவாக்கிய, மேசைப்பந்து போல இரண்டு மட்டைகளால் பந்தைத் திருப்பி அடிக்கும் பாங் விளையாட்டைப் பெரிய திரையில் ஓடவிட்டு, அவரவர் கைப்பேசியையே மட்டையாக்கிவிடலாம் என்று நான்தான் சொன்னேன். பந்தும் மட்டைகளும் இரண்டே நாளில் தயாராகிவிட்டன. அடுத்த மூன்று வாரங்களைக் கைப்பேசியின் சாய்வு விழுங்கிவிட்டது.

முதலில், எவ்வளவு சாய்க்கிறோமோ அவ்வளவு வேகமாக மட்டை நகரும்படி எழுதினேன். ஆடியவர்கள் கையைத் திருப்புவதற்குள் மட்டை திரையின் விளிம்பில் போய் முட்டி நின்றது. அசல் பாங்கில் இருந்தது, வானொலியின் ஒலியைக் கூட்டிக் குறைப்பது போன்ற ஒரு திருகு குமிழ்; குமிழ் எங்கே நிற்கிறதோ மட்டையும் அங்கே நிற்கும். அதைப் பின்பற்றி, சாய்வுக் கோணத்தையே மட்டையின் இடமாக மாற்றி, மேலும் கீழும் 25 பாகைக்குள் திரை முழுவதையும் அடக்கினேன். ஆனால் ஒருவர் கைப்பேசியைத் தட்டையாகவும் இன்னொருவர் முகத்துக்கு நேராகவும் பிடிக்கிறார். ஆகவே ‘தொடங்கு’ பொத்தானைத் தொடும் கணத்தில் இருக்கும் கோணமே அவருக்குப் பூச்சியம் என்று வைத்தேன். 2019-இல் வந்த ஐபோன் இயங்குதளமான ஐஓஎஸ் 13 முதல், பயனர் எதையாவது தொட்ட பிறகுதான் சஃபாரி உலாவியில் சாய்வை அளக்கும் உணரிகளுக்கான அனுமதியையே கேட்க முடியும் என்பதால், அந்த ஒரு பொத்தான் இரண்டு வேலைகளைச் செய்தது.

அடுத்தது நடுக்கம். பாங்கின் மட்டை எட்டுப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது; பந்து எந்தப் பகுதியில் படுகிறதோ அதற்கேற்பத் திரும்பும் கோணம் மாறும். மட்டை ஓயாமல் துடித்தால் அந்த நுணுக்கம் முழுவதும் வீண். துடிப்பைக் குறைக்க, சாய்வின் பழைய மதிப்பில் பத்தில் ஒன்பது பங்கும் புதியதில் ஒரு பங்கும் சேர்த்துப் பார்த்தேன். துடிப்பு அடங்கியது, ஆனால் நொடிக்கு 60 அளவீடுகள் வந்தும் மட்டை கையைவிட ஏறத்தாழ 150 மில்லிநொடி பின்தங்கி, எண்ணெயில் நீந்துவதுபோல் நகர்ந்தது. கை மெல்ல அசையும்போது அதிகமாகவும், வீசும்போது குறைவாகவும் மென்மையாக்கிய பிறகே ஆட்டம் கைக்கு வந்தது.

வை-ஃபை ஒரு கணம் திணறினால் தேங்கிய அளவீடுகள் மொத்தமாக வந்து விழும். மட்டை, முடிந்துபோன அசைவுகளை எல்லாம் மறுபடி ஆடிக்காட்டும். திரையில் வரையும் ஒவ்வொரு காட்சிச் சட்டத்துக்கும் கடைசி அளவீட்டை மட்டும் எடுத்துக்கொண்டதும் அது தீர்ந்தது.

தீராத ஒன்று இருந்தது. கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்துத் தொடங்கியவர்களுக்கு மணிக்கட்டு அதற்கு மேல் வளையாததால், மட்டை திரையின் உச்சியைத் தொடவில்லை. சோதனைப் பிரிவுத் தோழி அதைப் பிழையாகப் பதிவு செய்திருந்தார். அல்கார்னின் மட்டையும் மின்சுற்றின் குறையால் உச்சிவரை போகாது என்பதையும், தேர்ந்த ஆட்டக்காரர்கள் முடிவில்லாமல் ஆடிக்கொண்டிருக்காமல் இருக்க அவர் அதை அப்படியே விட்டுவிட்டார் என்பதையும் தோழியிடம் சொன்னேன். “நல்ல சாக்கு” என்று சிரித்துவிட்டு, அந்தப் பதிவை அவரே மூடினார்.