வியர்வை கேட்கும் பனியன்

திருப்பூரில் பதினெட்டு வருடமாக நான் கற்றதெல்லாம் வியர்வையை விரட்டும் வித்தை. ஈரத்தை உறிஞ்சி வெளியே தள்ளும் நூல், சீக்கிரம் காயும் துணி என்றுதான் ஆர்டர் கொடுக்கும் பையர்கள் கேட்பார்கள். இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் பனியனுக்குச் சாம்பிள் போடும் வேலை வந்தபோது, அந்தப் பாடத்தைத் தலைகீழாகப் படிக்க வேண்டியதாயிற்று.

ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுக்கும்போது மார்பில் ஜெல் வைத்து ஒட்டுவார்களே, அதற்குப் பதிலாக எங்கள் பனியனில் வெள்ளி பூசிய நைலான் நூலில் பின்னிய இரண்டு பட்டைகள். ஜெல் கிடையாது. இதயத்தின் மின்துடிப்பு தோலுக்கு வந்து சேரும்போது ஒரு மில்லிவோல்ட் அளவுதான் மிஞ்சும். காய்ந்த தோலில் காய்ந்த துணி பட்டால் அதுவும் இரைச்சலில் அமுங்கிவிடும். காலையில் ஏசி அறையில் போட்டுப் பார்த்தால் திரையில் வெறும் கிறுக்கல். கால் மணி நேரத்தில் பட்டைக்கடியில் லேசாக வியர்த்ததும் கோடு தெளியும்; வியர்வையின் உப்பு ஈரம் மின்சாரத்தைக் கடத்துமே. நெதர்லாந்தின் லைடன் நகரில் வில்லெம் ஐந்தோவன் ஆரம்பகால ஈசிஜி எடுத்ததும் இப்படித்தான். இரண்டு கையையும் இடது காலையும் உப்புத் தண்ணீரில் வைக்கச் சொன்னார். 1924-ல் நோபல் பரிசு வாங்கியவர். நாங்கள் பட்டையின் பின்பக்கம் ஈரம் தப்பாமலிருக்க ஒரு மெல்லிய படலம் வைத்தோம்.

நடந்தால்தான் தொல்லை. கரண்டிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை ஃபில்டர் பிடித்துவிடும். துணி நகர்வதால் வரும் இரைச்சலோ இதயத் துடிப்பின் அலைவரிசையிலேயே கலந்து கிடக்கிறது. அதை வெட்டினால் இதுவும் போகும். எலெக்ட்ரானிக்ஸ் தம்பி இரண்டு வாரம் மல்லுக்கட்டினான். கட்டிங் மாஸ்டர் வந்து பனியனை இழுத்துப் பார்த்தார்.

"பட்டை நகருதுங்க. மெசினு என்ன பண்ணும்? கையத் தூக்குனா தோளுத் துணி மட்டும் வரோணும், பட்டைய இழுக்கப்படாது."

தோள்பகுதியைத் தளர்த்தி, பட்டை வரும் இடத்தை மட்டும் ஸ்பான்டெக்ஸ் என்ற இழுபடும் நூலைக் கூட்டித் தனியாக வெட்டினோம். பாதி கிறுக்கல் அன்றைக்கே போனது.

அப்புறம் மாஸ்டரின் மாமனாருக்கு மாட்டிப் பார்த்தோம். எழுபது தாண்டியவர், தோள்வலிக்காரர். கை தலைக்கு மேல் போகவில்லை. பனியன் கழுத்தோடு சிக்கிக்கொண்டது. "களட்டி உடு சாமி" என்று உள்ளேயிருந்து குரல். இதய நோய்க்கான உடுப்புக்கு இருபத்தைந்து வயசுப் பையன்கள் மேல் அளவெடுத்திருக்கிறோம்! பெண்களுக்கென்று ஒரு அளவுகூட அப்போது இல்லை. அதைக் கேட்டவர் செக்கிங்கில் இருந்த அக்காதான். முன்பக்கம் ஜிப் வந்தது அதன் பிறகு.

யாரோ ஒருவர் ஒரு சாம்பிளை வீட்டில் ப்ளீச்சிங் போட்டு அலசி, வெள்ளி கறுத்துத் திரும்பி வந்தது. சலவை லேபிளை இப்போது பெரிய எழுத்தில் தைக்கிறோம்.

எட்டாவது சாம்பிள் மாமனாருக்குப் பிடித்துவிட்டது. உட்கார்ந்திருக்கும்போது கோடு சுத்தம். படியேறினால் இன்னும் நடுங்குகிறது. மாஸ்டர் அக்குள் பக்கத்துத் தையலைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்.