பெரிய கல், குழாய் நத்தைகள், நவம்பர் 30

அக்டோபர் 8, 2024

இரவு பன்னிரண்டரை. கடல்நீர் மீன் டேங்கின் லைட் அணைந்து வெகுநேரம் ஆனபிறகு போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். பெரிய கல்லின் இடது பக்கம் முழுக்க நூல். சிலந்தி நூல் போல மெல்லியது, தண்ணீரை அசைக்கிற வேவ்மேக்கர் தள்ளுகிற திசையில் ஆடிக்கொண்டே போய் பவளத்தின் உறவான பச்சை ஜோவா கூட்டத்தின் மேல் படிகிறது. அந்த ஓரத்துப் பாலிப்புகள் (பூ போல விரிகிற சின்ன உயிர்கள்) மட்டும் ஏன் திறக்கவே இல்லை என்று இத்தனை நாளாகத் தண்ணீரைத்தான் திரும்பத் திரும்ப டெஸ்ட் செய்துகொண்டிருந்தேன். உப்பு 35, ஆல்க் (காரத்தன்மை) 8, கால்சியம் 420. எல்லாம் சரி. தண்ணீரில் ஒன்றும் இல்லை, இந்த நூலில்தான் இருக்கிறது.

அக்டோபர் 9

வெர்மெட்டிட் என்ற குழாய் நத்தைதான். பகலில் பூதக்கண்ணாடி வைத்து உறுதி செய்துகொண்டேன். குழாயின் வாயில் பூ மாதிரி விசிறி விரிந்தால் அது புழு, கெடுதல் இல்லை. கல்லோடு ஒட்டி வெள்ளையாக, குண்டூசித் தலை அளவில் சுருண்டு கிடப்பதும் புழுவின் ஓடுதான், அதுவும் சாது. இதற்கு விசிறி இல்லை. அரை அங்குலக் குழாய், வாய் பக்கம் கூர்மை, தொட்டால் உள்ளே பழுப்பாக ஏதோ பின்வாங்குகிறது. நத்தைதான், ஆனால் நகராது. ஒட்டிய இடத்தில் ஓட்டைக் கட்டிக்கொண்டு வாழ்நாள் முழுக்க அங்கேயே.

அத்தை (என் மாமியார்) பார்த்துவிட்டு, "இதுக்கா ராத்திரியெல்லாம் முழிச்சே?" என்றார்.

அக்டோபர் 10

வீட்டு ஓனர் போன் செய்தார். நவம்பர் 30-க்குள் காலி செய்ய வேண்டும். அதில் மாற்றமே இல்லையாம்.

அக்டோபர் 12

இன்று பவர்ஹெட் பம்ப்பை நிறுத்திவிட்டு கோரலுக்கு (பவளத்துக்கு) போடும் பொடியை ஒரு சிட்டிகை மட்டும் கரைத்து, பிப்பெட்டால் கல்லின் அருகே விட்டேன். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு குழாயிலிருந்தும் நூல் கிளம்பியது. பொடித்துகள் அதில் ஒட்டிக்கொள்கிறது, பிறகு நத்தை நூலை மெல்ல உள்ளே இழுத்து, வலையோடு சேர்த்து விழுங்கிவிடுகிறது. நுனி கடைசியாக உள்ளே போகும்போது ஒரு சின்னத் துடிப்பு. பார்த்துக்கொண்டே இருந்ததில் சாதம் ஆறிப்போனது.

இனி அந்தப் பொடி கிடையாது. மீனுக்குப் போடுவதும் உறைந்த மைசிஸ் (இறால் மாதிரி சின்ன உயிர்) மட்டும், அதுவும் உருக்கி வடிகட்டி, அந்தக் கலங்கல் தண்ணீர் டேங்குக்குள் போகாமல். தண்ணீரில் மிதக்கிற தூள்தான் இதற்குச் சோறு. சோற்றை நிறுத்தாமல் நத்தையை மட்டும் கொன்றுகொண்டிருந்தால் முடிவே இருக்காது.

இன்னொன்றும் படித்தேன். ஆண் தன் விந்துப் பொதியைத் தண்ணீரில் விட்டுவிடுகிறது, அது மிதந்து போய் பெண்ணின் வலையில் மாட்டுகிறது. பெண் முட்டைப் பைகளைத் தன் குழாய்க்குள்ளேயே வைத்துக் காக்கிறது. சில இனங்களில் குஞ்சு வெளியே வரும்போதே ஊர்கிற நத்தையாக வருகிறது, பக்கத்திலேயே ஒட்டிக்கொள்கிறது. ஃபில்டர் இழுத்துக்கொண்டு போகட்டும் என்றால் மிதக்கிற குஞ்சே இல்லை. அதனால்தான் கோரல் துண்டு வைத்த ஒரு ஃப்ராக் கல்லில் ஒட்டி வந்தது இன்று கல் முழுக்க.

அக்டோபர் 15

காலையிலிருந்து மழை. வேளச்சேரி பாலத்தின் மேல் வரிசையாகக் கார்களை நிறுத்தியிருக்கிறார்கள். மடிப்பாக்கத்தில் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர், நாங்கள் மூன்றாவது மாடி என்பதால் கவலை கரண்ட் மட்டும்தான். இன்வெர்ட்டரில் வேவ்மேக்கர் மட்டும் போட்டு வைத்தேன். ஹீட்டர், ஸ்கிம்மர் (அழுக்கை நுரையாக்கி எடுப்பது), லைட் எதுவும் அவசரம் இல்லை. தண்ணீர் அசைந்துகொண்டிருந்தால் போதும், மீனுக்கு மூச்சு கிடைக்கும். பேட்டரி ஏர்பம்ப் கைக்கு எட்டும் தூரத்தில்.

அக்டோபர் 16

சிவப்பு எச்சரிக்கை என்றார்கள். பெரிதாகப் பெய்யவில்லை. ஜோவா இன்னும் மூடித்தான் இருக்கிறது.

அக்டோபர் 19

ஃபெவிக்விக் ஜெல். சாதாரண ஃபெவிக்விக் தண்ணீராக ஓடும், அது இதற்கு ஆகாது. பம்ப் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, கையுறை மாட்டிக்கொண்டு, டியூபின் மூக்கைக் குழாய் வாயில் வைத்து ஒரு பொட்டு. தண்ணீர் பட்டதும் வெள்ளையாக இறுகிவிடுகிறது. உள்ளே இருப்பது வலை வீச முடியாமல் அப்படியே செத்துவிடும். ஒரே நாளில் எல்லாவற்றையும் அடைக்கக்கூடாது, உள்ளே அழுகுகிற நத்தைகளால் அம்மோனியா ஏறிவிடும். இன்று ஜோவாவைச் சுற்றி இருந்தவை மட்டும்.

முதுகு வலிக்கிறது. ஸ்டூலில் நின்று கையை மூழ்கவிட்டு நிற்பது சுலபமில்லை. இரண்டு ஒசெல்லாரிஸ் கோமாளி மீன்களும் என் விரலைக் கொத்திக்கொண்டே இருந்தன. ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில், தொட்டியிலேயே பிறந்து வளர்ந்த மீன்கள், கடலையே பார்த்ததில்லை, இருந்தும் தன் இடத்தைக் காக்க இவ்வளவு ரோஷம்.

அக்டோபர் 20

வீடு பார்த்தோம். "அக்வேரியமா? டைல்ஸ் போயிடும்மா." அடுத்தவர், "மீன் தொட்டின்னா சரி, எவ்வளவு பெருசு?" மூன்றடி நீளம், ஒன்றரை அகலம், ஒன்றரை உயரம் என்றேன். தண்ணீர் மட்டுமே 190 கிலோ வரும் என்று மறைக்காமல் சொன்னேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். சொல்ல மாட்டார். கீழ்த்தளம் கிடைத்தால் பாரம் பிரச்னை இல்லை, ஆனால் இந்தப் பக்கத்தில் கீழ்த்தளம் என்றால் டிசம்பரில் வெள்ளம். அத்தையின் மூட்டுக்கோ மூன்றாவது மாடி ஆகாது. முதல் மாடி வேண்டும், சுவரோரம் பீம் போகிற இடத்தில் வைக்க வேண்டும். புரோக்கரிடம் பீம் பற்றிக் கேட்டால் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்.

அக்டோபர் 26

அத்தைக்கு என் கவலை பிடிபட்டுவிட்டது. இன்று அவராகவே வந்து, "கல்லை எடுத்து வெந்நீர்ல போட்டுடேன், எல்லாம் ஒழிஞ்சிடும்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது.

இதை எழுதி வைக்கிறேன், யாராவது படித்தால் பிரயோசனப்படட்டும். ஜோவா, அதன் உறவான பாலிதோவா வளர்ந்த கல்லைக் கொதிக்க வைக்கவே கூடாது. அவற்றில் சிலவற்றில் பாலிடாக்ஸின் என்ற விஷம் இருக்கிறது, 1971-ல் ஹவாயில் முதலில் பிரித்தெடுத்தார்கள், இயற்கையில் கிடைக்கிற மிகக் கடுமையான விஷங்களில் ஒன்று. கல்லைக் கொதிக்க வைத்து அந்த ஆவியைச் சுவாசித்துக் குடும்பத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். ஜோவா கல்லைத் தொடும்போது கையுறை, உடைக்கும்போது கண்ணுக்குக் கண்ணாடி, கையில் கீறல் இருந்தால் தொடவே வேண்டாம்.

அத்தையிடம் பொறுமையாகச் சொன்னேன். "அம்மாடி, அதையா வீட்டுக்குள்ள வெச்சிருக்கீங்க" என்று இரண்டடி தள்ளி உட்கார்ந்தார்.

கடையில் ஒருவர் காப்பர் மருந்து போடச் சொன்னார். போட்டால் நத்தை சாகும், சரி. கூடவே இறால், ஹெர்மிட் நண்டு, கோரல் எல்லாம் சாகும். கல்லும் மணலும் அந்தக் காப்பரை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிற்பாடு கக்கிக்கொண்டே இருக்கும். நத்தை என்றால் எல்லாம் எதிரி இல்லை. ராத்திரி கண்ணாடியில் ஊர்கிற கடுகு அளவு உருண்டை நத்தைகள் பாசி மேய்கின்றன, அவை எனக்கு வேண்டும். பாசி தின்கிற டர்போ நத்தையும் வேண்டும். நான் ஒழிக்க நினைப்பது ஒரே ஒரு கூட்டத்தை.

அக்டோபர் 31

தீபாவளி. தெருவெல்லாம் புகை. ஸ்கிம்மர் அறைக் காற்றைத்தான் உறிஞ்சித் தண்ணீரில் கலக்கும், அதனால் சாயங்காலமே நிறுத்திவிட்டேன். சம்ப்பில் (டேங்கின் வடிகட்டுப் பெட்டியில்) புதுக் கார்பன். கப்பலில் இருக்கும் என் கணவர் இல்லாத தீபாவளி.

நவம்பர் 3

அவர் கூப்பிட்டார். சிங்கப்பூர் பக்கம் சிக்னல் கிடைத்திருக்கிறது. வீடு கிடைத்ததா, அம்மாவுக்கு மூட்டு வலி எப்படி, அப்புறம் டேங்க். நூல் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "பெரிய கல்லை மட்டும் விட்டுடாதே" என்றார். லைன் போய்விட்டது.

நவம்பர் 7

ஓரத்து ஜோவாக்கள் திறந்திருக்கின்றன!! எல்லாம் இல்லை. ஆனால் பசை வைத்த பக்கம் முழுசாக, பச்சைப் பாவாடையும் ஆரஞ்சு வாயுமாக. காலை காபியை டேங்க் முன்னாலேயே நின்று குடித்தேன்.

நவம்பர் 10

பின்பக்கக் கண்ணாடியில், தண்ணீர் வழிந்து வெளியேறுகிற ஓவர்ஃப்ளோவின் பற்களுக்கு நடுவே, பம்ப்பின் மூடியில் குட்டிக் குழாய்கள். பசியில் இருக்கிறபோதும் இவை குட்டி போட்டிருக்கின்றன. பிளேடால் சுரண்டினேன். சுரண்டியது மணலில் விழாமல் இருக்க சைஃபன் குழாயை அடியிலேயே பிடித்து வாளிக்குள் இழுத்தேன்.

பசிபிக் கடலின் மூரியா தீவுப் பவளப் பாறைகளில் செய்த ஒரு ஆய்வு, 2010-ல் வந்தது. அங்கே இருப்பது பெரிய இன வெர்மெட்டிட். அது இருந்த இடத்தில் பவளத்தின் வளர்ச்சி 81 சதவீதம் வரை குறைந்ததாம், உயிர் பிழைப்பது 52 சதவீதம் வரை. கடலிலேயே இந்த நிலை என்றால் மூன்றடிப் பெட்டியில் என்ன செய்வது. இதைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன், வாசிப்பதால் ஒன்றும் ஆவதில்லை என்று தெரிந்தும்.

தூக்கம் இல்லை. வீடும் இல்லை.

நவம்பர் 14

பம்மல். முதல் மாடி, மேடான தெரு. வீட்டுக்கார அம்மா டேங்க் என்றதும், "எங்க வீட்டுக்காரரும் மீன் வளர்த்தவர்தான்" என்று சொல்லி எந்தச் சுவர் பலமானது என்று அவராகவே காட்டினார். அங்கேயே அட்வான்ஸ் கொடுத்தோம். அத்தை ஆட்டோவில் வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

நவம்பர் 17

இப்போது ஒரு பெரிய கேள்வி. எப்படியும் டேங்கைக் காலி செய்யத்தான் போகிறோம். கல்லையெல்லாம் வெயிலில் வாரக்கணக்கில் காயவைத்தால் வெர்மெட்டிட் அடியோடு ஒழியும். எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள், சுத்தமாக ஆரம்பி என்று.

ஆனால் கல்லில் இருப்பது நத்தை மட்டுமா? அம்மோனியாவைத் தின்று தண்ணீரைக் காக்கிற பாக்டீரியா அந்தக் கல்லில்தான் குடியிருக்கிறது. காயவைத்தால் அதுவும் போகும், புது டேங்க் மாதிரி பாக்டீரியா வளர்கிற சைக்கிள் முதலிலிருந்து. அதுவரை மீனும் ஜோவாவும் எங்கே இருக்கும்? ஊதா கோரலைன் பாசி, கல்லின் அடியில் வாழ்கிற கடற்பஞ்சு, நட்சத்திர மீன் மாதிரியான பிரிட்டில் ஸ்டார், இதெல்லாம் வருவதற்கு வருஷக்கணக்காகும். அதிலும் நவம்பரில் சென்னையில் எந்த வெயிலில் காயவைப்பது?

அதனால் கல் ஈரமாகவே வருகிறது. வெளியே எடுக்கிற அந்த ஒரு நாளில், கையில் திருப்பித் திருப்பிப் பார்த்து, எட்டாத பக்கம் எல்லாம் எட்டும்போது, எவ்வளவு முடியுமோ அவ்வளவு. மிச்சம் இருக்கும், இருக்கட்டும். சோற்றைக் குறைத்து, வாராவாரம் கண்ணில் பட்டதை அடைத்துக்கொண்டு காலம் தள்ளலாம். பூண்டோடு அழிப்பது என்ற எண்ணத்தை விட்டபிறகுதான் மூச்சு விட முடிகிறது.

நவம்பர் 18

அவர் சொன்னதால் மட்டும் இல்லை. எனக்கும் அந்தக் கல் வேண்டும்.

நவம்பர் 23

ஒத்திகையாகச் சின்னக் கல் ஒன்றை எடுத்து டேங்க் தண்ணீர் நிரப்பிய டப்பில் வைத்தேன். கட்டிங் பிளையரால் குழாயை நுனியில் கிள்ளினால் பயனில்லை, நத்தை பின்வாங்கி அடியில் பதுங்கிக்கொண்டு திரும்பக் கட்டிவிடும். கல்லோடு ஒட்டிய அடிப்பகுதியை நெரிக்க வேண்டும். நெரித்தால் சிவப்பும் பழுப்புமாகச் சதை வெளியே வரும், பிறகு அந்தக் குழியில் ஜெல். உடைந்த குழாய் விளிம்பு பிளேடு போல வெட்டும், தடித்த கையுறையிலேயே ஓட்டை விழுந்தது. வேலை முடிந்ததும் கல்லை அதே தண்ணீரில் அலசி, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும், டேங்குக்குத் திரும்பக் கூடாது.

நல்ல தண்ணீரில் முக்கினால் போதாதா என்று பக்கத்து வீட்டுத் தம்பி கேட்டான். குழாய்க்குள் இழுத்துக்கொண்டு தாக்குப்பிடித்துவிடும், செத்துப்போவது கல்லில் இருக்கிற மற்ற ஜீவன்கள்தான்.

நவம்பர் 26

வங்கக் கடலில் தாழ்வு மண்டலம். வண்டிக்காரர், "முன்னாடியே போயிடலாம்மா" என்கிறார். 28 என்று முடிவு. 50 லிட்டர் டிரம்கள் கழுவியாயிற்று. புது உப்புத் தண்ணீர் பம்மலில் கலந்து ஓடிக்கொண்டிருக்கிறது.

நவம்பர் 27

புயலாகும் ஆகும் என்கிறார்கள், ஆகவில்லை. கடல் எப்படி இருக்கிறது என்று அவருக்கு மெசேஜ் போட்டேன். ஒரே டிக்.

நவம்பர் 28

விடியற்காலை நாலு மணிக்கே ஆரம்பித்தோம். தண்ணீர் டிரம்முக்கு, ஜோவா தனி டப்புக்கு, மீன் மூடியுள்ள வாளிக்கு, கடைசியில் கல். பழைய மணலைக் கொண்டுவரவில்லை, அதன் அடியில் சேர்ந்த அழுக்கு கலங்கினால் எல்லாம் போகும்.

பெரிய கல்லை மடியில் துண்டு போட்டு வைத்துக்கொண்டேன். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து போன் டார்ச் அடித்தார், "இதோ இங்க ஒண்ணு, இதோ இன்னொண்ணு" என்று எனக்கு முன்னால் அவர்தான் கண்டுபிடித்தார். கண்ணாடி போடச் சொன்னதும் மறுக்காமல் என் பழைய கூலிங் கிளாஸைப் போட்டுக்கொண்டார். கல்லின் அடிப்பக்கம் நான் பயந்த அளவுக்கு இல்லை, இருட்டில் நீரோட்டம் குறைவு, சாப்பாடு அங்கே போய்ச் சேரவில்லை போலும். நீரோட்டம் அடிக்கிற முகப்பில்தான் கொத்துக்கொத்தாக. நெரித்துக்கொண்டே இருந்தேன். வண்டிக்காரர் இரண்டு முறை மேலே வந்து பார்த்துவிட்டுப் போனார்.

மதியம் பம்மலில் கல்லும் மீனும் தண்ணீருக்குள். தண்ணீர் கலங்கல். பெண் ஒசெல்லாரிஸ் மூலையில் நிற்கிறது, ஆண் பரவாயில்லை.

நவம்பர் 29

அம்மோனியா டெஸ்ட் காலையில் 0.25. மதியமும் அதேதான். பாதி டிரம் தண்ணீர் மாற்றினேன். ஜோவா எல்லாம் மூடியிருக்கின்றன, இடம் மாறியதில் இது இருக்கும்தான். சாப்பாடு இன்று கிடையாது.

புயல் என்று மதியம் அறிவித்துவிட்டார்கள். ஃபெஞ்சல். நாளை கரையைக் கடக்குமாம். மழை பிடித்துக்கொண்டது, ஜன்னல் எல்லாம் அடிக்கிறது, புது வீட்டில் எந்த ஜன்னல் ஒழுகும் என்று இனிமேல்தான் தெரியும். அவரிடமிருந்து மெசேஜ், மலாக்காவில் இருக்கிறார்களாம், இந்தப் பக்கமே வரவில்லையாம். அத்தை அதை மூன்று தடவை என்னை வாசிக்கச் சொன்னார்.

இரவு ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. இன்வெர்ட்டர் இன்னும் மாட்டவில்லை, எலக்ட்ரீஷியன் திங்கட்கிழமைதான் வருவார். பேட்டரி பம்ப் ஓடுகிறது, மாற்றுப் பேட்டரி இரண்டு ஜோடி. வாளியால் மொண்டு மேலிருந்து ஊற்றி ஊற்றிக் காற்று கலக்கலாம், அத்தையும் நானும் முறை வைத்திருக்கிறோம். டார்ச் அடித்தபோது முகப்பில் ஒரே இடத்தில் நூல் தெரிந்தது, பசை வைத்த குழாய்களுக்குப் பக்கத்தில், ஒரு விரல் நீளம். ஜெல் எந்தப் பெட்டியில் போட்டேன் என்று

அத்தை கூப்பிடுகிறார், என் முறை.