எண்டர் தட்டினால் போதும்

திருச்சியில் ஒரு மொத்த மருந்துக் கடையில் பதினெட்டு வருடமாக பில் போடுகிறேன். முதல் பாதி முழுக்க ஒரே புரோகிராம்தான். ஃபாக்ஸ்புரோ என்ற பழைய மென்பொருளில் யாரோ எழுதிக்கொடுத்தது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. மருந்துப் பெயரில் மூன்று எழுத்தை அடித்து எண்டர் தட்டினால் பேட்ச் பட்டியல் வரும். சீக்கிரம் காலாவதியாகும் பேட்ச் தலைமாட்டில் நிற்கும். மறுபடி எண்டர், எத்தனை பெட்டி, எண்டர். நாற்பது அயிட்டம் ஆர்டரை டீ ஆறுவதற்குள் முடித்துவிடுவேன். கண் ஆர்டர் சீட்டில் இருக்கும், காது ஃபோனில் இருக்கும், கை பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கர்ரென்று கத்திக்கொண்டே ஒரே அடியில் மூன்று பிரதி கொடுத்துவிடும்.

2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தது. எங்கள் புரோகிராமில் வாட் வரிக்கு ஒரே ஒரு கட்டம். இப்போது மத்திய வரி தனி, மாநில வரி தனி, ஒவ்வொரு மருந்துக்கும் அது எந்த வகைப் பொருள் என்று சொல்லும் எச்எஸ்என் எண். எழுதிக்கொடுத்தவரோ எப்போதோ வேறு தொழிலுக்குப் போய்விட்டார். ஃபாக்ஸ்புரோவின் கடைசி வாரிசுக்குக்கூட மைக்ரோசாஃப்ட் 2015 ஜனவரியோடு ஆதரவை முடித்துக்கொண்டது. எங்களுடையது விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்துப் புரோகிராம், 64 பிட் விண்டோஸில் நேரடியாக ஓடாது என்பதால், ஒரு பழைய விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டரைத் தட்டித் தட்டி ஓட்டிக்கொண்டிருந்தோம். மாறித்தான் ஆக வேண்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. புதிதாக வாங்கிய சாஃப்ட்வேரும் மோசமில்லை. இரண்டே மாதத்தில் கை பழகிவிட்டது.

வினை வந்தது அதன் அடுத்த பதிப்பில்தான். ஒரு திங்கட்கிழமை காலை, கேட்காமலேயே தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு நின்றது. அழகாகத்தான் இருந்தது, பெரிய பெரிய பொத்தான்கள், வட்டப்படம், இரவு நிறம். முதல் அயிட்டம் அடித்து எண்டர் தட்டினேன், பில் சேவ் ஆகிவிட்டது. அடுத்த கட்டத்துக்குப் போக இனி டேப் விசையாம்! அன்று மதியத்துக்குள் ஒற்றை அயிட்டத்தோடு பதினொரு அரைகுறை பில் போட்டுவிட்டு, ஒவ்வொன்றாக ரத்து செய்துகொண்டிருந்தேன்.

அதைக்கூட மன்னிக்கலாம். பெட்டி என்று இருந்த அளவு மாத்திரை அட்டை என்று மாறியிருந்ததை யாரும் சொல்லவில்லை. பத்துப் பெட்டி கேட்ட கடைக்குப் பத்து அட்டை போனது. "என்னண்ணே, எங்களுக்கு சாம்பிள் அனுப்பியிருக்கீங்களா?" என்று அந்தக் கடைக்காரர் சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை.

எல்லாவற்றையும்விட என்னை வதைத்தது பேட்ச் வரிசை. காலாவதித் தேதிப்படி இருந்ததை பேட்ச் எண்ணின் அகர வரிசைக்கு மாற்றிவிட்டார்கள். பார்க்க ஒழுங்காக இருக்கும், சரிதான். ஆனால் மருந்து வியாபாரமே சீக்கிரம் காலாவதியாகிறதை முதலில் தள்ளுவதில்தான் இருக்கிறது. அவசரத்தில் மேலே இருக்கிறதையே கை எடுக்கும். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் புதுச் சரக்கெல்லாம் போயிருக்கிறது, தேதி நெருங்கியது ராக்கின் பின்னால் தூங்குகிறது.

சாஃப்ட்வேர் கம்பெனியைக் கூப்பிட்டேன். "பழகிடும் அண்ணே" என்றது அந்தத் தம்பி. பாவம், அவன் வாழ்க்கையில் ஒரு மருந்து பில்கூடப் போட்டிருக்க மாட்டான். முதலாளிக்கோ ஒரே சந்தோஷம், வீட்டில் உட்கார்ந்தபடி ஃபோனில் இன்றைய விற்பனை தெரிகிறதே! காசு கொடுத்து வாங்குகிறவர் அவர். அவர் நாளைக்கு ஒரு தடவை பார்க்கிற திரைக்கு நகை பூட்டிவிட்டு, நான் ஆயிரம் தடவை தட்டுகிற விசையைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது ஸ்டார்ட் பொத்தானையே காணோம். உலகமே கூச்சல் போட்டது, மறு வருடம் 8.1-ல் பொத்தான் திரும்பி வந்தது. அதிலும் ஒரு தமாஷ், பொத்தான்தான் வந்ததே தவிர, பழைய மெனுவுக்கு 2015-ல் விண்டோஸ் 10 வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எங்களுக்குக் கூச்சல் போட உலகம் ஏது? நானும் இன்னும் நாலைந்து கடைகளில் பில் போடுகிறவர்களும் மாற்றி மாற்றி ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தோம்.

ஏழாவது மாதம் எண்டர் திரும்பக் கிடைத்தது, செட்டிங்ஸில் எங்கோ ஒரு மூலையில் டிக் அடித்தால். பேட்ச் வரிசை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. பழைய மருந்துப் பெட்டிகளை வெட்டி, ஸ்கெட்ச் பேனாவால் 'முதலில் இது' என்று எழுதி, ராக்கில் ஒட்டி வைத்திருக்கிறோம்.