மலை நிலம்: நாட்குறிப்பு

பிப்ரவரி 3

இன்று புதர்களை மட்டும் அகற்றினோம். சரிவில் உள்ள அடிக்கட்டைகளைப் பிடுங்க வேண்டாம் என்று அண்ணனிடம் மறுபடியும் சொன்னேன். மேல்மண்ணைப் பிடித்து வைத்திருப்பவை அந்த வேர்கள்தாம், அவற்றைப் பெயர்த்துவிட்டால் ஒரு பெருமழைக்கே மண் முழுவதும் கீழே இறங்கிவிடும். மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டப்போகும் எங்கள் வீடு எழும்பும் இடத்தில் மட்டும் அவற்றைத் தோண்டியெடுத்தாக வேண்டும், ஏனெனில் அங்கே வேர் மக்கினால் தரை அமிழும்.

பிப்ரவரி 11

அப்பா நட்ட மரத்தை இன்று வீழ்த்தினோம். சாய்ந்து நிற்கும் மரத்தைப் பின்புறமிருந்து நேராக அறுத்துக்கொண்டு போனால், அறுப்பு முடியும் முன்பே தண்டு நெடுகப் பிளந்து அறுப்பவரை நோக்கி உதைக்கும். ஆகவே, முன்புறம், அதாவது மரம் சாயும் பக்கத்தில், ஆப்பு வடிவில் வாய் வெட்டியபின், விட்டத்தில் பத்தில் ஒரு பங்கை அறுக்காமல் கீலாக விட்டு, ரம்பத்தின் நுனியை நடுவில் நுழைத்து அறுத்து, பின்புறப் பிடிப்பைக் கடைசியாகத்தான் அறுத்தோம். எதிர்பார்த்த திசையிலேயே விழுந்தது. அண்ணன் அதன் மீது கையை வைத்துக்கொண்டு, இதுதான் கூரையின் உச்சியைத் தாங்கும் முகட்டு உத்திரம் என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

பிப்ரவரி 12

மழை.

மார்ச் 20

பட்டை உரிக்கும் வேலை. புதிதாக வெட்டியவற்றில் நீரோட்டம் தொடங்கிவிட்டதால் பட்டை நீளநீளமாகக் கழன்று வருகிறது. குளிரில் வெட்டியவற்றை இருகைக் கத்தியால் சீவியே எடுக்க வேண்டியிருக்கிறது. பட்டையை விட்டுவைத்தால் அதனடியில் ஈரம் தங்கும், வண்டும் குடிபுகும். ஒரு கட்டையில் புழு குடைந்த பாதைகள் நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் கிளைத்து, தூள் அடைந்து கிடந்தன. அதைத் தனியே உருட்டிவிட்டேன்.

அப்பா நட்ட மரத்தின் வெட்டுமுகத்தையும் பார்த்தேன். வளையங்களின் மையம் நடுவில் இல்லை. சாய்வின் அடிப்புறத்தில் வளையங்கள் அகன்று, செம்மை படர்ந்திருக்கின்றன. ஊசியிலை மரம் சாய்ந்து வளரும்போது அடிப்புறத்தில் உருவாகும் இந்த மரப்பகுதி, உலரும்போது நீளவாக்கிலும் சுருங்கி, கட்டையையே வளைத்துவிடும். இதை அண்ணனிடம் எப்படிச் சொல்வது?

ஏப்ரல் 6

அடிக்கட்டுமானத்தின் மூலைவிட்டங்களை அளந்தோம். 6 மீட்டருக்கு 8 மீட்டர் என்றால் 10 வர வேண்டும். இரண்டும் சரியாக வந்தன. மனம் நிறைந்த நாள்.

மே 2

சுவர் இடுப்பளவுக்கு வந்துவிட்டது. ஒரு வரிசையில் அடிமரம் வந்த மூலையில் அடுத்த வரிசையில் நுனி வருமாறு மாற்றி மாற்றி அடுக்குகிறோம், இல்லாவிட்டால் மட்டம் நிற்காது. ஈரக்கட்டைகள் குறுக்குவாக்கில் சுருங்குவதால் சுவர் மெல்ல இறங்கும். நூற்றுக்கு ஆறு பங்கு என்று வைத்துக்கொண்டு, 2 மீட்டர்க் கதவுக்கு மேல் 12 செ.மீ. இடைவெளி விடப்போகிறேன். செங்குத்துத் தூண்களோ நீளத்தில் அவ்வளவாகச் சுருங்குவதில்லை. அவற்றின் அடியில் திருகுத் தாங்கி வைத்து, சுவர் இறங்க இறங்கத் தாழ்த்தி வர வேண்டும். அண்ணனுக்கு இதெல்லாம் வீண் பயம்.

மே 9

அண்ணனிடம் சொல்லிவிட்டேன். வளைந்தால் வளையட்டும், அப்பாவின் மரம் என்றார்.

மே 10

அதைப் பலகையாக அறுத்தாலும் கோணிக்கொள்ளும். வாசற்படிக்குக் குட்டையாக வெட்டிப் போடலாம் என்று பார்த்தால், மண்ணையொட்டிய மரம் முதலில் உளுத்துப்போகும். அதையும் அவர் ஏற்க மாட்டார். உட்காரும் திண்ணைக்குக் குறுந்துண்டுகளாக்கினால் வளைவு தெரியாது, சுமையும் இராது. முகட்டுக்கு வேறு நேர்மரம் ஒன்றை அளந்து குறியிட்டு வைத்திருக்கிறேன். அவர் நாளைக் காலை கப்பியோடு வருகிறார்.